நர்சம்மாவுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது யாரு?

போன வாரம் டீக்கடையில ஒரு பேச்சு. பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர், நல்லாப் படிச்சவர், பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போயிருக்கார். அங்க இருந்த வயசான நர்சு டேப்லெட்டில் ஒரு பேரை அடிக்க அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்களாம். "இந்தப் பழைய ஆளுகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு சின்ன வயசுக்காரங்களைப் போட்டா என்னண்ணே, கம்ப்யூட்டர்னாலே அவங்களுக்கு வேண்டாவெறுப்பு"ன்னு சொன்னார். எனக்குச் சுருக்குன்னு வந்திருச்சு. டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

கோபத்துல வாயால பேசினா சரியா வராது. அதனால எழுதறேன். கண்மாய் மடை பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த பதிவுல.

இதுல வர்ற நர்சம்மா எங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல 1991-ல இருந்து 2022 வரைக்கும் வேலை பார்த்தவங்க. நடுவுல ரெண்டு வருஷம் மட்டும் வேற ஊர். பேர் போடலை, அவங்களுக்குப் பிடிக்காது. என் வீட்டு விஷயம் ஒண்ணும் வருது, அதை வீட்டம்மாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் எழுதறேன்.

ஊருக்குள்ள நர்சு வந்து உட்கார்ந்ததே ரொம்பப் பழைய கதை இல்லை. எங்க அப்பத்தா காலத்துல மருத்துவச்சிதான் எல்லாம். வெள்ளைக்காரன் போறதுக்கு முன்னால 1946-ல போர் குழுன்னு ஒரு குழு, கிராமத்துக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி வேணும்னு அறிக்கை கொடுத்தது. 1952 அக்டோபர் 2-ல சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்ச பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையம்னு ஒண்ணு ஒன்றியத்துக்கு ஒன்றியம் எழும்புச்சு. அப்போ மலேரியாவுக்கு ஒரு ஆள், அம்மை குத்த ஒரு ஆள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு ஆள்னு தனித்தனியா வருவாங்க. 1973-ல கர்த்தார் சிங் குழு வந்து, இப்படித் தனித்தனியா வேண்டாம், ஒரே ஆள் பல வேலையும் பார்க்கட்டும்னு சொல்லிருச்சு. அப்படி வந்தவங்கதான் நாம கிராம சுகாதார செவிலியர்னு சொல்றவங்க. 5,000 பேருக்கு ஒருத்தர், மலைப்பக்கம்னா 3,000 பேருக்கு ஒருத்தர். தமிழ்நாட்டுல இன்னைக்கு துணை சுகாதார நிலையம் 8,700-க்கு மேல இருக்கு.

பல வேலையை ஒரே ஆள்கிட்ட கொடுத்தா பல நோட்டும் அதே ஆள்கிட்டதானே வந்து சேரும்? கர்ப்பிணிகளுக்கு ஒரு நோட்டு, கல்யாணம் ஆன தம்பதிகளுக்கு ஒரு நோட்டு, பிறப்பு இறப்புக்கு ஒண்ணு, மாத்திரை இருப்புக்கு ஒண்ணு. 1985-ல எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசின்னு மத்திய அரசு ஆரம்பிச்சது, அதுக்கு ஒரு நோட்டு. 1987-ல டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பேருல பிரசவ உதவித் திட்டம் வந்தது. அந்த அம்மா நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில 1886-ல பிறந்தவங்க. முதல்ல வெறும் 300 ரூபாதான், 2006-ல 6,000, 2011-ல 12,000, 2018-ல 18,000 ஆச்சு. பணம் கூடக் கூட படிவமும் கூடுச்சு. 1995-ல போலியோ சொட்டு மருந்து, வீடு வீடாச் சுவத்துல சாக்பீஸ்ல குறி போடணும், அதையும் நோட்டுல ஏத்தணும். நர்சம்மா தோள்ல ஒரு பை, கையில ஊசி மருந்து ஐஸ் பெட்டி. பையில மருந்தைவிட நோட்டுதான் கனம்னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க.

இந்த நோட்டை யாரும் லேசா நினைக்கக் கூடாது. அதுல அவங்களுக்குன்னு ஒரு கணக்கு இருந்தது. பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வச்சா "இந்த வீட்டுல மாமியார்கிட்ட பேசணும்"னு அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பிறக்கும்னு மாத்திரையை எருக்குழியில கொட்டுற மாமியாருங்க எங்க ஊர்ல நாலு பேர் இருந்தாங்க. எங்க ஆத்தாவும் அதுல ஒண்ணு, இப்ப சொல்றதுக்கென்ன. ரெண்டு புள்ளின்னா புருஷன் குடிக்கிறவன். சிவப்பு மையில வட்டம் போட்டிருந்தா ஆபத்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

1993-ல அந்தச் சிவப்பு வட்டம் என் வீட்டம்மா பேருக்கு விழுந்துச்சு.

தலைப்பிரசவம். எட்டாம் மாசம். கால் ரெண்டும் வீங்கியிருந்தது. நர்சம்மா வந்து ரத்தக்கொதிப்பு பார்த்தாங்க, போன மாசத்தைவிட கூடியிருக்குன்னாங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி என் கையில கொடுத்தாங்க. "தம்பி, அம்மா வீட்டுக்குத்தான் அனுப்புவீங்கன்னு தெரியும். அந்த ஊர் நர்சுகிட்ட போன அன்னைக்கே இதைக் கொடுத்துருங்க. என் நோட்டு இங்க இருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னாங்க. சரின்னு சட்டைப் பையில வச்சேன். மறுநாள் பஸ் ஏத்தி மாமனார் ஊர்ல கொண்டுபோய் விட்டேன். கடலை பிடுங்குற நேரம், அன்னைக்கு சாயங்காலமே திரும்பிட்டேன். சீட்டு சட்டைப் பையிலயே இருந்துச்சு. சட்டை துவைக்கப் போயிருச்சு.

அந்த ஊர் நர்சு ஒரு வாரம் கழிச்சு வந்திருக்காங்க. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, தலைப்பிரசவம், அதுக்குமேல அவங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுப் பெரியவங்க, "முதப் பிரசவம்னா கால் வீங்கத்தான் செய்யும்"னு சொல்லியிருக்காக. மறுபடி பார்க்க வர்றேன்னு போனாங்க. அதுக்குள்ள ஒரு ராத்திரி வலிப்பு வந்துருச்சு. வண்டி கிடையாது. செங்கல் லாரியில ஏத்திக் கொண்டுபோனாங்க. வீட்டம்மா பிழைச்சது சாமி புண்ணியம். பிள்ளை இல்லை.

இதை நான் வேற யார் மேலயும் போட முடியாது. தகவல் என் சட்டைப் பையிலதான் இருந்தது. நர்சம்மா என்னைத் திட்டலை. "நான் நேரா போயிருக்கணும் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த நோட்டை அவங்க அப்புறமும் பத்திரமா வச்சிருந்தாங்கன்னு எனக்கு வெகுநாள் தெரியாது.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வர்றேன்.

2005-ல உலக வங்கி கடனோட தமிழ்நாடு சுகாதாரத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுலதான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளி விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற ஏற்பாடு வந்தது. 2008 செப்டம்பர்ல 108 வண்டி. அதே 2008 வாக்குலதான் பிக்மி வந்தது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பேர் பேரா கம்ப்யூட்டர்ல பதிஞ்சு, ஊசி போட்டாச்சா, எங்க பிரசவம், பிள்ளைக்கு எத்தனை எடைன்னு பின்தொடர்ந்து பார்க்கிற ஏற்பாடு. அடுத்த வருஷம் மத்திய அரசும் நாடு முழுக்க அதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்தது.

இதுல நம்ம சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு தனிக் கதை இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. 2008-ல இருந்து 2010 வரைக்கும், சென்னை ஐ.ஐ.டி.யும் கொழும்புல இருக்கிற லேர்ன்ஏசியாங்கிற அமைப்பும் சேர்ந்து, திருக்கோஷ்டியூர் பக்கத்து கிராம செவிலியர்கள் கையில சாதாரண பட்டன் போனைக் கொடுத்து ஒரு சோதனை பண்ணினாங்க. காய்ச்சல், வயித்துப்போக்குன்னு வர்றவங்க வயசு, அறிகுறி எல்லாத்தையும் அன்னன்னைக்கே போன்ல அடிச்சு அனுப்பணும். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆளுங்க செஞ்ச மென்பொருள், எந்த ஊர்ல எந்தக் காய்ச்சல் திடீர்னு கூடுதுன்னு கணக்குப் போடும். கனடா நாட்டு நிதி. இதே வேலையை இலங்கையில குருநாகல் மாவட்டத்துல சர்வோதயா ஊழியர்களை வச்சும் செஞ்சாங்க. ஸ்மார்ட் போன் ஊருக்குள்ள வராத காலம் அது. எங்க ஊர் அந்தச் சோதனையில இல்லை. நர்சம்மாவோட பயிற்சிப் பள்ளித் தோழி அங்க வேலை பார்த்தாங்க. போன்ல நோய் பேரை எழுத்து எழுத்தா அமுக்கி அடிச்சதை அவங்க வந்து சொன்னப்போ, நர்சம்மா, "நமக்கும் வரும்டி, தயாரா இருக்கணும்"னு சொன்னாங்களாம். கம்ப்யூட்டர்னா வெறுப்புங்கிறாரே அந்தத் தம்பி, அவருக்காக இதைச் சொல்றேன். அப்போ நர்சம்மாவுக்கு வயசு 46, 47 இருக்கும்.

வந்தது. ஒரு நாள் பயிற்சின்னு வெளியூர் கூப்பிட்டாங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். கையில மவுஸ் கிடைச்சது கால் மணி நேரம். அதுவும் பின்வரிசை. சொல்லிக்கொடுத்த பையன் கெட்டிக்காரன்தான், ஆனா அவன் பாட்டுக்கு இங்கிலீஷ்ல ஓடியிருக்கான். மதியம் தக்காளி சாதம் நல்லா இருந்துச்சுன்னாங்க. பயிற்சி முடிஞ்சதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.

எங்களுக்கும் இது புதுசு இல்லை. ஒற்றை நாற்று நடவு வந்தப்ப எங்களையும் கல்யாண மண்டபத்துல உட்கார வச்சு திரையில படம் காட்டினாங்க. ஒருத்தரும் நடலை. பக்கத்து ஊர் மாமா ஒருத்தர் அரை ஏக்கர் நட்டார், அவர் வரப்புல நின்னு பார்த்துத்தான் நாங்க நட்டோம். அதுக்கும் முந்தி, மாடு கட்டி உழுத காலத்துல, புதுக் காளையை எப்படிப் பழக்குவோம்? பழகின காளையோட ஜோடி போட்டுக் கட்டுவோம். நாலு நாள் அது இழுத்த இழுப்புக்குப் போகும், அப்புறம் அதுக்கே தெரிஞ்சுரும். புதுக் காளை ரெண்டை ஒரே நுகத்துல கட்டினா ஏரும் உடையும், மாடும் கெடும். நர்சுங்களுக்கு நடந்தது அதுதான். ஒருத்தருக்கும் தெரியாத இடத்துல எல்லாரையும் கட்டி, ஓட்டுன்னு விட்டாங்க. டாக்டருங்க மட்டும் என்ன? எங்க நிலையத்துக்கு வந்த ஒரு டாக்டர், நல்ல கைராசிக்காரர், திரையைப் பார்த்தே கேள்வி கேட்க ஆரம்பிச்சார். "டாக்டர் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை"ன்னு எங்க ஆத்தா ஒரு வாரம் புலம்புச்சு.

கம்ப்யூட்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்தது, எங்க ஊர்ல இருந்து எட்டு கிலோமீட்டர். பகல்ல நர்சம்மா வீடு வீடாப் போகணும். சாயங்காலம் அங்க போய் ஏத்தணும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு ஏழு நர்சுங்க வரிசை. பகல்ல நெட் நகராது, ராத்திரிதான் நகரும். 2012-ல கரண்டு பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதி ஏத்தினது கரண்டு போனா போச்சு, திரும்ப முதல்ல இருந்து. கடைசி பஸ்சை விட்டுட்டு நின்னவங்களை எத்தனையோ நாள் நான் டி.வி.எஸ். 50-ல போய் கூட்டிட்டு வந்திருக்கேன். இவ்வளவுக்கும் நோட்டு எழுதறதை நிறுத்தலை. கம்ப்யூட்டர்லயும் ஏத்தணும், ஆய்வுக்கு வர்றவங்களுக்கு நோட்டும் காட்டணும். வேலை குறையும்னு சொல்லி வந்தது, ரெண்டாச்சு. அந்த வருஷங்கள்ல அவங்க ஊருக்குள்ள வர்றது குறைஞ்சுது, இதையும் மறைக்காம எழுதணும். முன்னால வாரம் ரெண்டு தடவை வாசல்ல நின்னு கூப்பிடுற குரல், ஒரு தடவை ஆச்சு. வாசல்ல உட்கார்ந்து மாமியார்கிட்ட பேசுறதுக்குக் கம்ப்யூட்டர்ல கட்டம் கிடையாது, பேசினதுக்குக் கணக்கும் கிடையாது.

அந்த வருஷம்தான் என் மக பன்னிரண்டாவது முடிச்சா. 1993-க்கு அப்புறம், 1995-ல பிறந்தவ. நர்சம்மா அந்தப் பிரசவத்துக்கு எங்களை மாமனார் ஊருக்கு அனுப்பவே விடலை, அவங்களே கூட வந்து பெரியாஸ்பத்திரியில சேர்த்தாங்க. மகளுக்கு அரசாங்க இலவச லேப்டாப் கிடைச்சிருந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை நர்சம்மா வந்து, "பாப்பா, எனக்கு இதைச் சொல்லிக் குடுப்பியா? அங்க கேட்டா சின்னப் பிள்ளைங்க சிரிக்குதுக"ன்னாங்க. ஐம்பது வயசு அம்மா, தான் பிறக்கவச்ச பிள்ளைகிட்ட கேட்கிறாங்க.

மகளுக்கு வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்னு நான் நினைச்சது அப்பத்தான். ஏ பி சி டி-ன்னு ஆரம்பிக்கலை. "அத்தை, உங்க கர்ப்பிணி நோட்டை எடுங்க, அதுல இருக்கிற பேரை அடிங்க"ன்னா. நர்சம்மாவுக்கு எழுத்து எந்தப் பட்டன்ல இருக்குன்னு தேடவே நேரம் ஆகும். ஒட்டுப் பொட்டு வாங்கி அடிக்கடி வர்ற எழுத்து மேல ஒட்டினா. எங்க ஊர் பேருங்க இருக்கே, முத்துக்கருப்பாயி, அழகுமீனாள், வள்ளிமயிலு. இதுல 'ழ'வை இங்கிலீஷ்ல எப்படிப் போடுறதுன்னு ரெண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, பேங்கு புஸ்தகத்துல ஒரு மாதிரி. எதைப் போட்டாலும் ஒரு இடத்துல தப்பு.

எல்லாத்தைவிட பெரிய பயம், அழிஞ்சுருமோங்கிறது. நோட்டுல தப்பா எழுதினா ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியா எழுதி கையெழுத்துப் போடலாம். தப்பு பண்ணினதும் தெரியும், திருத்தினதும் தெரியும். கம்ப்யூட்டர்ல அமுக்கினா எங்க போச்சுன்னே தெரியலையே, மேல உள்ளவங்க கேட்டா நான் என்ன சொல்றதுன்னு கை நடுங்கும். மக என்ன பண்ணினான்னா, பொய்ப் பேரா இருபது பேரை ஏத்தச் சொல்லி, அழிக்கச் சொல்லி, திரும்ப ஏத்தச் சொல்லி ஒரு மாசம் விளையாட விட்டா. "இது உடையாது அத்தை, சும்மா அமுக்குங்க." யாரும் பார்க்காம தப்புப் பண்ண ஒரு இடம் கிடைச்சது, அம்புட்டுத்தான். ரெண்டு மாசத்துல அவங்க கை ஓடுச்சு. அப்புறம் மாதாந்திரக் கூட்டத்துல மத்த நர்சுங்க இவங்க பக்கத்துல வந்து உட்கார ஆரம்பிச்சாங்க. ஒட்டுப் பொட்டு அந்த நிலையத்துக் கம்ப்யூட்டர்லயும் ஏறிருச்சு.

பேசத் தெரிஞ்ச நர்சுங்க சங்கத்துலயும் பேசினாங்க. பதியுற வேலைக்குத் தனி ஆள் போடுங்க, இல்லைன்னா நோட்டையாவது குறைங்கன்னு. அதுல என்ன தப்பு? களை எடுக்கிற ஆளையே கணக்கும் எழுதச் சொன்னா களை யார் எடுக்கிறது?

2017-ல பிக்மி புது வடிவத்துக்கு மாறுச்சு. கர்ப்பம் ஆன ஒவ்வொருத்தருக்கும் 12 இலக்கத்துல ஆர்.சி.எச். நம்பர். அது இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாதுன்னு ஆச்சு. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களும் நம்பருக்காக நர்சம்மாகிட்ட வந்தாங்க. கொஞ்ச காலத்துல கையில டேப்லெட்.

2018. மகளைப் புதுக்கோட்டை மாவட்டத்துல கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம், ஏழு முடிஞ்சு வளைகாப்பு போட்டு கூட்டிட்டு வந்தோம். மறுநாளே நர்சம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. ரத்தக்கொதிப்பு பார்த்தாங்க, 136/88. "லேசாத்தான் இருக்கு"ன்னாங்க. எனக்கு அடிவயிறு கலங்குச்சு. வீட்டம்மா ஒண்ணும் பேசலை, அடுப்படிக்குப் போயிருச்சு.

அப்புறம் டேப்லெட்டை எடுத்து மக நம்பரைப் போட்டாங்க. புதுக்கோட்டைப் பக்கம் அந்த ஊர் நர்சு மாசா மாசம் ஏத்தினது எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. மூணாம் மாசம் 100/70. அஞ்சாம் மாசம் 110/70. ஆறுல 120/80. ஏழுல 130/84. நர்சம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. "தம்பி, இன்னைக்கு ஒரு நாளை மட்டும் பார்த்தா, ரெஸ்ட் எடும்மான்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். எங்க இருந்து எங்க வந்திருக்கு பாருங்க. படி ஏறுற மாதிரி ஏறுது." நீர் சோதனையில உப்பு இருந்தது. மறுநாள் திரும்பவும் பார்த்தாங்க, 142/94. 108-க்குச் சொல்லி, சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அவங்களே ஏத்தி அனுப்பினாங்க. இந்தத் தடவை சீட்டு எழுதி என் கையில கொடுக்கலை. சிரிக்காம சொன்னாங்க, "உங்க சட்டைப் பையை நம்ப மாட்டேன்." மாத்திரை, ஊசி, கண்காணிப்புன்னு வச்சிருந்து, 36 வாரத்துல ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. பேரன். 2 கிலோ 100. இப்ப பள்ளிக்கூடம் போறான், நேத்து என் மோட்டார் ரூம் சாவியைக் கிணத்துல போட்டுட்டான்.

கம்ப்யூட்டர் காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல வரலை. புதுக்கோட்டைப் பக்கத்துல முகம் தெரியாத ஒரு நர்சு, மாசா மாசம் நிஜமா அளந்து நிஜமா ஏத்தியிருக்காங்க. அளக்காம 120/80-ன்னு எல்லா மாசத்துக்கும் அடிச்சு விட்டிருந்தா? வேலை நெருக்கத்துல அப்படி அடிக்கிற இடமும் உண்டுன்னு நர்சம்மாவே சொல்லியிருக்காங்க. டேப்லெட்டுக்கு என்ன தெரியும், ஏத்தினதைத்தான் காட்டும்.

அதே கம்ப்யூட்டர் எங்களைப் பாடாப் படுத்தவும் செஞ்சது. மக பேருல ஒரு எழுத்து ஆதார்ல ஒண்ணு, இதுல ஒண்ணு. பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு அலுவலகத்துக்கு நான் நாலு நடை நடந்தேன். நோட்டா இருந்தா நர்சம்மா ஒரு கோடு போட்டுத் திருத்தியிருப்பாங்க.

அப்புறம் கொரோனா. 2021 ஜனவரி 16-ல தடுப்பூசி ஆரம்பிச்சது, எல்லாம் கோவின்ல. எங்க ஊருக்கு வந்தப்ப நர்சம்மா புளியமரத்தடியில மேசை போட்டு உட்கார்ந்தாங்க. பெருசுங்க கையில போன் கிடையாது, கார்டுல இருக்கிற நம்பர் மகனோடது. "ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னா, "அது திருப்பூர்ல இருக்கு தாயி"ன்னு ஒரு கிழவி சொன்னது இன்னைக்கும் ஊர்ல பேச்சு. நர்சம்மா சளைக்காம திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் தன் போன்ல இருந்து கூப்பிட்டு வாங்கி அடிச்சாங்க. அந்த வருஷம் ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சது. எங்க ஊருக்கும் குழுவுல இருக்கிற ஒரு பொண்ணு போனும் பிரஷர் மிஷினுமா வந்துச்சு. முதல் வாரம் முழுக்க அந்தப் பொண்ணுகூட நர்சம்மா நடந்தாங்க. யாரும் நடக்கச் சொல்லலை.

2022-ல ரிடையர் ஆனாங்க. இப்ப வந்திருக்கிற நர்சுக்கு 27 வயசு. விரல் பறக்குது. நல்ல பொண்ணு. ஆனா எந்த வீட்டுல யார்கிட்ட பேசணும்னு தெரியாம ஆரம்பத்துல தடுமாறுச்சு. புதன்கிழமை தடுப்பூசி நாள்ல நர்சம்மா சில சமயம் போய் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்குவாங்க. நான் பார்த்த அன்னைக்கு ஒரு பழைய நோட்டை விரிச்சு வச்சு, புள்ளிக்கு என்ன அர்த்தம், ரெண்டு புள்ளிக்கு என்ன அர்த்தம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு, "இதை எங்கம்மா ஏத்துறது? கட்டமே இல்லையே"ன்னு கேட்டுச்சு. "நீயும் ஒரு நோட்டு வச்சுக்க"ன்னாங்க.

அதுல 1993-ம் இருக்குன்னு நர்சம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க. நான் எட்டிப் பார்க்கலை.